இசட் டிரைவில் காணாமல் போன தாய்மாமன்

ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டால் மதுரையில் பத்திரிகை அடிக்கிற பிரஸ்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஆடியில் தள்ளிப்போட்ட கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து விழும். போன வருஷம் அப்படி ஒரு ஆவணியில், சிம்மக்கல் பக்கம் நான் கணினி வேலை பார்த்துக்கொடுக்கிற ஒரு பிரஸ்ஸில், உசிலம்பட்டிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் காதணி விழாப் பத்திரிகை அடித்து முடிந்து ஊர் போய்ச் சேர்ந்தது. மொத்தம் 600. தாய்மாமன்மார் மூன்று பேர். பத்திரிகையில் இருந்தது இரண்டு பெயர். இளையவர் துபாயில் இருந்தார். முதலில் வர முடியாது என்று சொன்னவர், கடைசி நேரத்தில் லீவு கிடைத்து, "நானும் வர்றேன், பேரைப் போட்டுருங்க" என்றிருக்கிறார். வீட்டார் அன்று இரவு 9 மணிக்குப் பிரஸ்ஸுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார்கள். பாதி வீடுகளுக்குப் பத்திரிகை வைத்த பிறகுதான் பெயர் ஏறவில்லை என்பது தெரிந்திருக்கிறது. குழந்தையை மடியில் வைத்துக் காது குத்த வேண்டிய மாமன் பெயர் இல்லாமல் ஒரு பத்திரிகை போனால் என்ன நடக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வேன் வைத்து எட்டுப் பேர் வந்தார்கள். முதலாளி ராத்திரியோடு ராத்திரியாக 600 பத்திரிகையையும் தன் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தார். பழி டிசைன் செய்கிற பெண் மேல் விழுந்தது. திருமங்கலத்திலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிறவர், வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. பேப்பர் காசில் ஒரு பகுதியை மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. நான் மறுநாள் போனது வேறு வேலையாக. எல்லாரும் ஃபைல் வைக்கிற பொதுவான இசட் டிரைவ் சில நாளாகத் தொங்குகிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பெண் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நான் பேரைச் சேத்தேண்ணே. சேவ் போட்டுட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுனேன்." முதலாளி கோபமாக எதுவும் சொல்லவில்லை. களைத்துப்போய்க் கேட்டார்: "மெஷின் தானா ஒருத்தர் பேரை மட்டும் அழிக்குமா தம்பி?" என்னிடம் பதில் இல்லை. அடுத்த 11 நாள் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அந்தப் பிரஸ்ஸில் டிசைன் சிஸ்டம் நான்கு, பில் போடுகிற சிஸ்டம் ஒன்று, பிளேட்டுக்கு அனுப்புகிற சிஸ்டம் ஒன்று. எல்லாம் விண்டோஸ். எல்லாவற்றிலும் இசட் டிரைவ் என்று தெரிவது உண்மையில் மூலையில் இருக்கும் ஒரு பழைய டெஸ்க்டாப். அதில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளமும், அதன் ஃபைல்களை விண்டோஸ் சிஸ்டங்களுக்குத் திறந்துகொடுக்கும் சம்பா என்ற மென்பொருளும் ஓடுகின்றன. 2017-க்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி மெஷின் இருந்தது. அந்த வருஷம் மே 12-ஆம் தேதி ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது, விண்டோஸ் கணினிகள் ஃபைலைப் பகிர்ந்துகொள்ளப் பேசும் எஸ்எம்பி என்ற மொழியின் பழைய முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் அது ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது; ஆனால் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு ஆதரவு முடிந்திருந்ததால், வான்னாக்ரை வந்த பிறகுதான் அதற்கு அவசரப் பேட்ச் வந்தது. நான் பயந்துபோய் அந்த வாரமே எக்ஸ்பியை எடுத்துவிட்டு டெபியனை வைத்தேன். வான்னாக்ரை வந்து 12 நாளில், மே 24 அன்று, சம்பாவிலும் ஒரு ஓட்டை அறிவிக்கப்பட்டது. 2010-இல் வந்த 3.5 பதிப்பிலிருந்து அது அங்கேயே இருந்திருக்கிறது. ஏழு வருஷம், உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய மூலநிரலில். அதனால், திறந்த மென்பொருள் என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடும் என்று நான் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேபிள், ஸ்விட்ச், எலி

நெட்வொர்க் டிரைவ் தொங்குகிறது என்றால் எங்கள் தொழிலில் கை முதலில் கேபிளுக்குத்தான் போகும். மேலே பால்ஸ் சீலிங்கில் ஒரு இடத்தில் எலி கடித்திருந்தது. அப்பாடா, கிடைத்துவிட்டது என்று நினைத்து இரண்டு கேபிளைப் புதிதாக இழுத்துக் கிரிம்ப் செய்தேன். மறுநாள் மறுபடி தொங்கியது. எட்டு போர்ட் ஸ்விட்சை மாற்றினேன். சர்வரின் பெயரைக் கண்டுபிடிப்பதில் தடங்கலோ என்று ஐபி எண்ணை நேராகக் கொடுத்து டிரைவை மேப் செய்தேன். ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கை சுத்தமாக இருந்தது. சர்வர் பதில் தருகிறதா என்று விடாமல் தட்டிப் பார்க்கும் பிங்கை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், ஒரு பாக்கெட் கூடத் தவறவில்லை. இப்படியே நான்கு நாள் போனது.

ஐந்தாவது நாள்தான் கவனிக்க வேண்டியதைக் கவனித்தேன். ஒரு ஜிபி ஃபைலை இசட் டிரைவுக்குக் காப்பி போட்டால் ஒழுங்காகப் போகிறது. டிசைன் மென்பொருளில் திறந்து வேலை செய்து சேவ் போட்டால்தான் சிக்குகிறது. அதுவும் பத்து இருபது தடவைக்கு ஒரு தடவை. கேபிள் கெட்டிருந்தால் காப்பியும் சேவும் சேர்ந்தே கெட வேண்டும். காப்பிக்கும் சேவுக்கும் என்ன வித்தியாசம்? காப்பி என்பது எழுதுவதோடு முடிந்துவிடும். சேவ் அப்படியில்லை. பல மென்பொருள்கள் பழைய ஃபைலின் மேல் நேராக எழுதுவதில்லை. பக்கத்தில் ஏதோ ஒரு பெயரில் தற்காலிக ஃபைல் ஒன்றை உண்டாக்கி, அதில் எல்லாவற்றையும் எழுதி முடித்து, பழையதை ஒதுக்கிவிட்டு, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டும். பாதியில் கரண்ட் போனாலும் ஏதாவது ஒன்று முழுசாக இருக்கும் என்பதற்காக இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடைசிப் படியான பெயர் சூட்டுவதில் தடை வந்தால், பழையது மறுபடி தன் இடத்துக்கு வந்துவிடும், புதியது அநாதையாகக் கிடக்கும்.

அப்போதுதான் சர்வரில் நேராகப் போய் அந்தக் காதணி விழா ஃபோல்டரைப் பார்க்கத் தோன்றியது. டிசைன் சிஸ்டத்தின் திரையில் அந்த ஃபோல்டரில் மூன்று ஃபைல்தான் தெரியும். டெபியனில் பட்டியல் எடுத்தால் நான்கு. நான்காவதன் பெயர் எழுத்தும் எண்ணுமாகக் கலந்து ஏதோ ஒன்று. விண்டோஸ் அதை மறைத்து வைக்கும் ஃபைலாகக் குறித்திருந்தது. நேரம் இரவு 9:12. என் லேப்டாப்புக்குக் காப்பி எடுத்து, சரியான எக்ஸ்டென்ஷனைக் கொடுத்துத் திறந்தேன். மூன்று தாய்மாமன்களும் இருந்தார்கள். இளையவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் துபாய் என்றுகூட அந்தப் பெண் அழகாகப் போட்டிருந்தார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போனை எடுத்துத் திரையை ஒரு படம் பிடித்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டார்.

பெயர் கிடைத்துவிட்டது. அதை வழிமறித்தது யார் என்பது கிடைக்கவில்லை.

இரண்டாவது கை

சம்பா தான் செய்வதை எழுதிவைக்கும் லாக்கின் அளவு வழக்கமாக மிகக் குறைவாக இருக்கும். அதை 3-க்கு ஏற்றிவிட்டு, அந்தப் பெண்ணை அவர் சிஸ்டத்தில் உட்காரவைத்து, ஃபைலைக் கொஞ்சம் மாற்றுவது, சேவ் போடுவது, மறுபடி மாற்றுவது என்று செய்துகொண்டே இருக்கச் சொன்னேன். நான் சர்வர் திரையில் வரிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னார் ஃபைலைத் திறந்தார், படிக்க ஆம், எழுத ஆம், மூடினார், இப்படியே வரிகள் வந்துகொண்டிருந்தன. பதினான்காவது சேவில் அவர் "சிக்கிருச்சுண்ணே" என்றார். லாக்கை நிறுத்தி மேலே ஏறிப் படித்தேன். தற்காலிக ஃபைல் திறக்கப்பட்டது, எழுதப்பட்டது, மூடப்பட்டது. அதே நொடியில் அதே ஃபைல் இன்னொரு முறை திறக்கப்பட்டிருந்தது. படிக்க ஆம், எழுத இல்லை. அது மூடப்படுவதற்கு முன்னாலேயே பெயர் மாற்றும் கோரிக்கை வந்திருக்கிறது, சர்வர் மறுத்திருக்கிறது. ஷேரிங் வயலேஷன். வேறொரு கை அந்த ஃபைலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இப்போது பெயர் மாற்ற முடியாது என்று அர்த்தம். அந்த இரண்டாவது கையும் அதே சிஸ்டத்திலிருந்து, அதே பெண்ணின் பெயரில்தான் வந்திருந்தது.

அவர் சிஸ்டத்தில், எந்த மென்பொருள் எந்த ஃபைலைத் தொடுகிறது என்று காட்டும் புரோசஸ் மானிட்டரைப் போட்டு, யார் யார் அந்த ஃபைலைத் தொடுகிறார்கள் என்று பார்த்தேன். டிசைன் மென்பொருளைத் தவிர யாருமே இல்லை. மறுபடி ஓட்டினேன், யாருமில்லை. ஆனால் அதே நேரத்தில் சர்வர் லாக்கில் இரண்டாவது திறப்பு பளிச்சென்று நிற்கிறது. வயர்ஷார்க்கை வைத்துக் கம்பியில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்தேன். அங்கேயும் இரண்டு கோரிக்கைகள். இரண்டாவதில் ஷேர் அனுமதி என்ற இடத்தில் படிக்க மட்டும் குறிக்கப்பட்டிருந்தது. நான் வைத்திருக்கும்வரை மற்றவர்கள் படிக்கலாம், அழிக்கவோ பெயர் மாற்றவோ கூடாது என்பது அதன் பொருள். சிஸ்டத்துக்குள் உட்கார்ந்து பார்த்தால் ஒரு ஆள். வெளியே வாசலில் நின்று பார்த்தால் இரண்டு ஆள். என் பதினெட்டு வருஷ வேலையில் இப்படி ஒரு நடுக்கம் வந்ததில்லை. நான் இவ்வளவு நாளும் சிஸ்டத்துக்குள் இருக்கும் கருவிகளை வைத்துத்தான் சிஸ்டத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காரணம் பிறகு புரிந்தது. விண்டோஸில் ஃபைலுக்கும் அதைக் கேட்கும் மென்பொருளுக்கும் நடுவில், இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஃபில்டர் டிரைவர்கள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு உயரம் உண்டு. கீழ் அடுக்கில் இருக்கிற ஃபில்டர் தனக்குக் கீழே ஒரு கோரிக்கையை அனுப்பினால், மேல் அடுக்கில் இருக்கும் ஃபில்டருக்கு அது தெரியாது. புரோசஸ் மானிட்டரும் ஒரு ஃபில்டர்தான். அது மேல் அடுக்கில் இருக்கிறது. அட்மினாக எஃப்எல்டிஎம்சி கட்டளையைக் கொடுத்து அடுக்கைப் பட்டியலிட்டேன். கீழே, நான் போடாத ஒரு பெயர். இரண்டு மாதம் முன்னால் பில்லிங் மென்பொருள் விற்கிறவர் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்த ஒரு ஆன்டிவைரஸ் பாக்கேஜின் டிரைவர் அது. அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். சரி, அதன் செட்டிங்கில் நெட்வொர்க் டிரைவை ஸ்கேன் செய்வதை நிறுத்திவிடலாம் என்று திறந்தேன். அது ஏற்கெனவே நிறுத்தப்பட்டுத்தான் இருந்தது. திரையில் 'இல்லை' என்று இருக்கிறது. கம்பியில் அது போய்த் திறந்துகொண்டே இருக்கிறது. பாக்கேஜை எடுத்துவிட்டு 200 முறை சேவ் போட வைத்தேன், ஒன்றுகூடச் சிக்கவில்லை. மறுபடி போட்டேன், எட்டாவது சேவில் சிக்கியது. நிறுவனத்துக்கு எழுதினேன். மூன்று நாள் கழித்து, எங்கள் தயாரிப்பு வடிவமைத்தபடியே வேலை செய்கிறது, உள்ளே அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பகிர இயலாது என்று பதில் வந்தது.

கோளாறு எல்லா மென்பொருளிலும் இருக்கும், அதைப் பற்றி எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தப் பதில் வந்த அன்று எனக்கு ஒன்று தெளிவானது. ஒரு மென்பொருள் தான் செய்ததை மறைத்தால், செய்த தவறு காற்றில் கரைந்துவிடாது. பக்கத்தில் இருக்கும் ஒரு ஆள் மேல் போய் உட்காரும். அதிலும் எதிர்த்துப் பேச முடியாத ஆள் மேல்தான் உட்காரும். 'மெஷின் பொய் சொல்லாது' என்று நம்புகிற வரைக்கும் அந்தப் பெண் சொன்னது பொய்யாகத்தான் இருக்க முடியும். முதலாளி நல்ல மனுஷர். அவருக்கு வேறு எந்தச் சாட்சியும் இல்லை, அவ்வளவுதான்.

காபிக் கடையில் கேட்டுக் கற்றவர்

சம்பாவின் கதை தெரிந்தவர்களுக்கு நான் செய்தது புதிதாக இருக்காது. 1991 டிசம்பரில், கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜல், தன் பிசியை யூனிக்ஸ் கணினியின் டிஸ்க்கோடு சேர்க்க நினைத்தார். இரண்டும் பேசுகிற மொழிக்கு அவரிடம் விளக்கம் இல்லை. கம்பியில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்து, என்ன கேட்டால் என்ன பதில் வருகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு சர்வரை எழுதினார். பிரெஞ்சு தெரியாதவன் பிரான்ஸில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னால் பரிமாறுகிறவர் எதைக் கொண்டுவருகிறார் என்று பார்த்தே மொழி கற்பது மாதிரி என்று பின்னாளில் அவரே இந்த முறையை விளக்கினார். மைக்ரோசாஃப்ட் இந்த எஸ்எம்பி மொழியின் விவரங்களைத் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2004-இல் உத்தரவிட்டது; 2007 செப்டம்பரில் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த டிசம்பரில் 10,000 யூரோ கட்டி சம்பா குழு ஆவணங்களைப் பெற்றது. இன்று அந்த மொழியின் விளக்கத்தை யாரும் இறக்கிப் படிக்கலாம். ஷேர் அனுமதி என்ற அந்த இடத்துக்கு என்ன பொருள் என்று சிம்மக்கல்லில் உட்கார்ந்து நான் படித்துத் தெரிந்துகொண்டது அந்த ஆவணத்தில்தான். ஒரு வழக்கு இங்கே ஒரு பெண்ணின் சம்பளம் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்தால் மனசு நிறைகிறது.

"சோர்ஸ் கோட் இருந்தா மட்டும் நீங்க என்ன முழுசாப் படிக்கப் போறீங்களா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சம்பாவில் பல லட்சம் வரி இருக்கிறது, நான் நூறு வரிகூட ஒழுங்காகப் படித்ததில்லை. ஆனால் 2024 மார்ச் மாதம், லினக்ஸில் ஃபைலைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற திறந்த மென்பொருள் விவகாரத்தில் நடந்ததை நான் மறக்க மாட்டேன். ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்ற பொறியாளர், டெபியனின் 'அன்ஸ்டேபிள்' பதிப்பில், தூரத்திலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். அவரும் எக்ஸ்இசட்டின் நிரலைப் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தவர் இல்லை. தாமதம் உறுத்தியது, இறங்கிப் போனார், ஒவ்வொரு அடுக்காகத் திறந்து பார்த்துக்கொண்டே போக முடிந்தது, கடைசியில் யாரோ பொறுமையாக நுழைத்து வைத்திருந்த பின்கதவைப் பிடித்தார். அதே வருஷம் ஜூலை 19-ஆம் தேதி கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரௌட்ஸ்ட்ரைக்கின் ஒரு அப்டேட், கெர்னலுக்குள் ஓடும் அதன் சென்சாரைக் கவிழ்த்து சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. நம் ஊர் விமான நிலையங்களில் கையால் எழுதி போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். 21 உள்ளீடுகளை எதிர்பார்த்த இடத்துக்கு 20 மட்டுமே வந்தது என்ற முழுக் காரணத்தை அந்த நிறுவனமே ஆகஸ்ட்டில் எழுதி வெளியிட்டது. வெளிப்படையாக எழுதியதற்கு மரியாதை உண்டு. அவர்கள் எழுதும் வரைக்கும் நாம் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. நான் கேட்பது படிக்கும் உரிமையை மட்டும் இல்லை. உறுத்தும்போது இறங்கிப் போக ஒரு படிக்கட்டு வேண்டும்.

மூலநிரலைக் காட்டாத மூடிய மென்பொருளே வேண்டாம் என்று அந்தப் பிரஸ்ஸில் சொல்ல முடியாது. விண்டோஸ் மூடியது, டிசைன் மென்பொருள் மூடியது, பிளேட் போடுகிற மெஷினுக்குள் இருப்பதும் மூடியது. புரோசஸ் மானிட்டர்கூட இலவசமே தவிர அதன் நிரல் நம் கையில் இல்லை. இவை இல்லாமல் அங்கே ஒரு நாள் வேலை நடக்காது. அந்த பாக்கேஜை எல்லாச் சிஸ்டத்திலிருந்தும் எடுத்துவிட்டு, விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் ஆன்டிவைரஸையே போதும் என்று வைத்தேன்; அதையும் வைத்து 200 சேவ் போட்டுப் பார்த்த பிறகுதான் வைத்தேன். ஆனால் ஃபைல்கள் குடியிருக்கிற இடம் எனக்குத் தெரியும்படியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் இனி விட்டுக்கொடுப்பதாக இல்லை. சம்பாவில் முழுத் தணிக்கைப் பதிவை இயக்கிவிட்டேன். யார், எந்தச் சிஸ்டத்திலிருந்து, எந்த ஃபைலைத் திறந்தார், எதற்குப் பெயர் மாற்றினார், அது நடந்ததா மறுக்கப்பட்டதா, எல்லாம் நொடிக் கணக்கில் எழுதப்படும். அழித்த ஃபைல் தனி ஃபோல்டருக்குப் போகும்படியும் செய்தேன். கொஞ்சம் டிஸ்க் இடம் போகும், போகட்டும்.

லாக்கில் இரண்டாவது திறப்பும் மறுப்பும் பதிந்த ஆறு வரியையும் தற்காலிக ஃபைலின் நேரத்தையும் ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து முதலாளியிடம் கொடுத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை கேட்டார். "அப்ப அந்தப் புள்ள சொன்னது சரிதான்" என்றார். பிடித்திருந்த முதல் மாதக் காசை அன்று சாயங்காலமே கவரில் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது "மனசுல வச்சுக்காதம்மா" என்றார். அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டினார்.

கார்த்திகையில் ஒரு ராத்திரி ஒன்பதரைக்கு எனக்குப் போன் வந்தது. பஸ் சத்தம் கேட்டது. "அண்ணே, வடக்கு மாசி வீதி கல்யாணப் பத்திரிகை, எட்டு நாப்பதுக்கு நான் சேவ் போட்டது ஏறிருக்கான்னு கொஞ்சம் பாக்குறீங்களா?" லேப்டாப்பைத் திறந்து சர்வருக்குள் போனேன். 8:40-க்குத் திறந்தது, எழுதியது, மூடியது, பெயர் மாற்றியது, எல்லாம் வரிசையாக இருந்தது. "ஏறிருக்கும்மா" என்றேன். "சரிண்ணே" என்று வைத்துவிட்டார். இப்போதும் பெரிய பத்திரிகை முடிக்கிற ராத்திரிகளில் அந்தப் போன் வரும். நானும் பார்த்துச் சொல்வேன்.